ஊருக்கும் அரசுக்கும் இடையே நின்றவர்கள்

மாணவர்களே! உங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பாட்டீல், குல்கர்ணி, தேஷ்முக், தேஷ்பாண்டே, போத்தார், சௌகுலே என்னும் குடும்பப் பெயர்கள் அதில் இருக்கக்கூடும். புனேயின் தெருக்களிலும் கடைப் பலகைகளிலும் இப்பெயர்களை நாள்தோறும் காண்கிறீர்கள். இவை ஒரு காலத்தில் பதவிப் பெயர்களாக இருந்தவை. அப்பதவிகளில் பெரும்பாலானவை வரியோடு தொடர்புடையவை.

அரசன் தலைநகரில் இருப்பான். உழவர் ஊரில் இருப்பர். இருவருக்கும் இடையே நின்று, விளைச்சலில் அரசுக்குரிய பங்கைத் திரட்டிக் கொடுத்தவர் யார்? அவர் அரசின் பக்கம் நின்றாரா, ஊரின் பக்கம் நின்றாரா? வரியில் குறைவு ஏற்பட்டால் அதனை ஈடு செய்தவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. மராத்திய ஊரின் அலுவலர்கள்

புனேயைச் சூழ்ந்த ஊர்களில் பல நூற்றாண்டுகளாகப் பாட்டீல் என்பவர் ஊர்த்தலைவராக விளங்கினார். ஊரில் எவ்வளவு நிலம் உழப்படுகிறது, எவர் எவ்வளவு வரி செலுத்த வேண்டும் என்பவற்றை முடிவு செய்வதில் அவர் முதன்மை பெற்றார். வரியைத் திரட்டுவதும், சிறு வழக்குகளைத் தீர்ப்பதும், ஊர்க்காவலை மேற்பார்வையிடுவதும் அவருடைய கடமைகள். அவருக்குத் துணையாக இருந்தவர் சௌகுலா.

குல்கர்ணி என்பவர் ஊர்க்கணக்கர். நிலத்தின் பரப்பு, உழுபவரின் பெயர், செலுத்திய தொகை, நின்ற பாக்கி ஆகிய அனைத்தையும் அவர் மோடி எழுத்தில் பதிந்து வைத்தார். மோடி என்பது மராத்தியை விரைந்து எழுதப் பயன்பட்ட பழைய கூட்டெழுத்து முறையாகும். தமிழ்நாட்டு ஊர்களில் இதே பணியைச் செய்தவரைக் கர்ணம் அல்லது கணக்குப்பிள்ளை என்றனர். குல்கர்ணி, கர்ணம் ஆகிய இரு சொற்களிலும் 'கரணம்' என்னும் ஒரே வடசொல் அமைந்திருப்பதை நோக்குக.

உழவர் செலுத்தும் நாணயம் நல்லதா, தேய்ந்ததா என்று உரைத்துப் பார்த்தவர் போத்தார். வரி செலுத்துமாறு உழவரை அழைத்து வருவதும், திரண்ட பணத்திற்குக் காவலாக மேலிடம் வரை செல்வதும் மகார் சமூகத்தாரின் பணியாக இருந்தன. ஊரின் எல்லை வழக்குகளில் அவர்களுடைய சான்று மதிக்கப்பட்டது. ஆயினும், சாதி வேற்றுமையால் அவர்கள் ஊருக்கு வெளியே வாழ நேர்ந்தது. ஊரின் பணத்தைக் காத்தவர்களுக்கு ஊருக்குள் இடம் இல்லாதிருந்தது என்பதையும் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

பல ஊர்கள் சேர்ந்தது ஒரு பர்கணா. அதன் தலைவர் தேஷ்முக். அதன் கணக்கர் தேஷ்பாண்டே. ஊரில் பாட்டீலும் குல்கர்ணியும் செய்த பணியைப் பர்கணாவில் இவ்விருவரும் செய்தனர்.

இப்பதவிகள் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றன. இவ்வாறு வழிவழியாக வந்த உரிமைக்கு வதன் என்று பெயர். வதன் உடையவருக்கு வரியில்லா நிலமும், விளைச்சலில் சிறு பங்கும், ஊரில் முதல் மரியாதையும் கிடைத்தன. எருதுகளைப் போற்றும் போளா திருநாளில் பாட்டீலின் எருதே ஊர்வலத்தின் முன்னே செல்லும். இவ்வுரிமையை அடகு வைக்கவும், அதில் ஒரு பகுதியை விற்கவும் முடிந்தது. அதனால் ஒரே ஊரில் இரண்டு பாட்டீல்கள் இருந்ததும் உண்டு.

ஆட்சிகள் பல மாறின. அகமதுநகர் நிசாம்சாகியும், பீசப்பூர் அடில்சாகியும், மராத்தியரும், பிரித்தானியரும் புனேப் பகுதியை ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர். மேலே கொடி மாறியபோதும் கீழே பாட்டீலும் குல்கர்ணியும் பெரும்பாலும் மாறவில்லை. எந்த அரசு வந்தாலும் ஊரை அறிந்த ஒருவர் அதற்குத் தேவைப்பட்டார்.

2. இரண்டு முகங்கள்

வரி தண்டும் காலத்தில் பாட்டீல் ஊர்ச்சாவடியில் அமர்ந்திருப்பார். குல்கர்ணி கணக்கை விரித்துப் பெயர்களைப் படிப்பார். உழவர் ஒவ்வொருவராக வந்து தம் தவணையைச் செலுத்துவர். இது பாட்டீலின் ஒரு முகம், அரசின் முகம்.

மழை பொய்த்த ஆண்டிலோ, படை நடந்து பயிர் அழிந்த ஆண்டிலோ அதே பாட்டீல் மேலதிகாரியிடம் சென்று, "இவ்வாண்டு எங்கள் ஊரால் இவ்வளவே கொடுக்க இயலும்" என்று வாதாட வேண்டும். அவர் உழவரின் அயலார். அவருடைய நிலமும் அவ்வூரிலேயே இருந்தது. உழவர் ஊரை விட்டு ஓடிவிட்டால் நிலம் தரிசாகும். பாட்டீலின் மதிப்பும் வருவாயும் குறையும். ஆகவே, ஊரைக் காப்பது அவருக்கும் நன்மை தந்தது. இது அவருடைய மற்றொரு முகம், ஊரின் முகம்.

இதனை நேரில் கண்டறிந்து எழுதியவர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன். பேஷ்வா ஆட்சி முடிவுற்ற பின் தக்காணத்தின் ஆணையராக இருந்த அவர் 1819ஆம் ஆண்டு ஓர் அறிக்கை அளித்தார். பாட்டீல் தொடக்கத்தில் அரசின் முகவராக இருந்தாலும், பின்னர்க் குடிகளின் சார்பாளராகவும் கருதப்பட்டார் என்று அவ்வறிக்கை விளக்குகிறது.

பேஷ்வாக்களின் ஆட்சி சீராக இருந்த காலத்தில், ஊர்களுக்கு மேலே காமாவிசுதார், மாம்லேதார் என்னும் அதிகாரிகள் இருந்தனர். அவர்களோடு தரக்தார் எனப்பட்ட அலுவலரும் அமர்த்தப்பட்டனர். தரக்தாரை மாம்லேதார் தம் விருப்பப்படி நீக்க முடியாது. அவர்கள் கணக்கைத் தனியே எழுதினர். முறைகேட்டை மேலிடத்திற்குத் தெரிவிக்கும் கடமையும் அவர்களுக்கு இருந்தது. ஒருவர் தண்டுவதை மற்றொருவர் கணக்கு வைத்துக் காப்பதே இவ்வேற்பாட்டின் கருத்து.

தரிசு நிலத்தைத் திருத்த முன்வந்த உழவருக்குக் கவுல் என்னும் உறுதி ஓலை வழங்கப்பட்டது. முதலாண்டில் மிகக் குறைந்த வரியும், பின் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயர்ந்து முழு வரியும் என்பது அதன் முறை. அக்காலத்துப் பதிவுகள் துணியில் கட்டப்பட்ட ஆயிரக்கணக்கான மூட்டைகளாகப் புனே ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளன. அம்மூட்டைக்கு ருமால் என்று பெயர்.

மக்கள் எத்தகைய அதிகாரியை விரும்பினர் என்பதை ஒரு மரபுக் கதை காட்டுகிறது. பாமினி சுல்தான்களின் காலத்தில், மங்கள்வேடா என்னும் ஊரில் தாமாஜி பந்த் என்னும் வரி அதிகாரி இருந்தாராம். கொடும் பஞ்சம் வந்தபோது, அவர் அரசின் களஞ்சியத்தைத் திறந்து பசித்தோர்க்குத் தானியம் அளித்தாராம். சுல்தான் அவரைச் சிறைப்பிடித்து வர ஆணையிட்டபோது, பண்டரிபுரத்து விட்டலனே மகார் உருவில் பீதருக்குச் சென்று தானியத்தின் விலையைச் செலுத்தியதாகக் கதை முடிகிறது. பசித்த வயிறும் அரசின் கணக்கும் ஒன்றோடொன்று மோதும்போது அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்னும் வினா, இக்கதையின் உள்ளே இருக்கிறது.

3. வரி ஏலத்திற்கு வந்தபோது

இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவாக இருந்த காலத்தில் (1796–1818) இந்நிலை சீர்குலைந்தது. 1802ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் யசுவந்தராவ் ஓல்கரின் படை புனேயருகே பேஷ்வாவின் படையை வென்றது. படைகள் நடமாடிய ஊர்கள் பாழாயின. அதனைத் தொடர்ந்து 1803–04ஆம் ஆண்டுகளில் பெரும்பஞ்சம் ஏற்பட்டது.

அதன்பின் வரி தண்டும் உரிமை ஏலம் விடப்பட்டது. இம்முறைக்கு இஜாரா என்று பெயர். தமிழில் குத்தகை எனலாம். மிகுதியான தொகை தருவதாகக் கூறியவருக்கு ஒரு பகுதியின் வரியுரிமை அளிக்கப்பட்டது. அவர் அதனைப் பிரித்துக் கீழ்க்குத்தகைக்கு விட்டார். ஒவ்வொரு படியிலும் ஒருவர் தம் ஆதாயத்தைச் சேர்த்தார். அடுத்த ஆண்டு வேறொருவர் கூடுதல் தொகை கேட்டால் தம் உரிமை போய்விடும் என்பதால், கையிலிருக்கும் ஆண்டிலேயே இயன்றதெல்லாம் பறிக்க முயன்றார்.

இங்குப் பாட்டீலின் நிலை என்னவாயிற்று? குத்தகைக்காரர் கேட்ட தொகைக்கு அவர் இசைந்தால், அதனைத் தம் ஊராரிடமிருந்து பிழிந்தெடுக்க வேண்டும். இசையாவிட்டால், குத்தகைக்காரரின் ஆட்களே ஊருக்குள் நுழைந்து தண்டுவர். உழவர் முறையிட வேண்டுமானால் யாரிடம் முறையிடுவது? குத்தகைக்காரரே அப்பகுதியின் நீதியதிகாரியாகவும் இருந்தார்! எவர்மீது குறையோ, அவரிடமே குறையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

4. உரோமானியர் ஆட்சியில் கிரேக்க நகரங்கள்

இச்சிக்கல் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், இன்றைய துருக்கி நாட்டின் மேற்குப் பகுதியில் கிரேக்க மொழி பேசிய நகரங்கள் பல இருந்தன. அவை உரோம அரசின் ஆட்சிக்குட்பட்டு ஆசியா என்னும் மாநிலமாயின.

கி.மு. 123ஆம் ஆண்டு கையசு கிராக்கசு என்பவர் கொண்டுவந்த சட்டப்படி, அம்மாநிலத்தின் வரியுரிமை உரோம் நகரிலேயே ஏலம் விடப்பட்டது. செல்வர்கள் கூடி நிறுவனம் அமைத்து அதனை ஏலத்தில் எடுத்தனர். ஏலம் எடுத்தவர் தொலைவிலிருந்த உரோமில் இருந்தார்; வரி கொடுத்தவர் ஆசியாவில் இருந்தார். புனேயில் பாஜிராவ் காலத்தில் நிகழ்ந்த துன்பம் அங்கும் நிகழ்ந்தது. பின்னர் சூலியசு சீசர், ஆசியாவின் நேரடி வரியை அந்நிறுவனங்களிடமிருந்து எடுத்து, தண்டும் பொறுப்பை நகரங்களிடமே ஒப்படைத்தார்.

அதன்பின் ஒவ்வொரு நகரத்தின் மன்றமும் தன் வரியைத் தானே திரட்டி அரசுக்குச் செலுத்தியது. கி.பி. முதல் நூற்றாண்டிலிருந்து இப்பணிக்கென 'தெகாப்ரோத்தோய்' என்னும் அலுவலர்கள் தோன்றினர். அச்சொல்லுக்கு 'முதல் பதின்மர்' என்பது பொருள். சில நகரங்களில் 'முதல் இருபதின்மர்' இருந்தனர். நகரத்தின் பெருஞ்செல்வரே இப்பதவிக்கு வந்தனர். தியத்தீரா முதலிய நகரங்களின் கல்வெட்டுகள், ஒருவர் வகித்த பெருமைக்குரிய பதவிகளுள் ஒன்றாக இதனையும் குறிக்கின்றன.

ஆனால், அப்பெருமைக்கு ஒரு விலை இருந்தது. தண்டிய வரியில் குறைவு ஏற்பட்டால் அப்பதின்மர் தம் சொந்தச் சொத்திலிருந்து அதனை நிரப்ப வேண்டும். இறந்துபோனவர் வைத்துச் சென்ற வரிப்பாக்கியையும் அவர்களே ஈடுசெய்ய வேண்டும் என்று உரோமச் சட்டநூல் ஒன்று கூறுகிறது. நாடு செழித்திருந்த காலத்தில் இச்சுமை தாங்கக்கூடியதாக இருந்தது. போரும் விலையேற்றமும் மிகுந்த மூன்றாம் நூற்றாண்டில், பலர் விரும்பி ஏற்ற பதவி, பலர் தப்ப நினைத்த சுமையாக மாறியது.

இவ்விரு முறைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். குத்தகை முறையில் குறைவின் சுமை உழவர்மேல் விழுந்தது. பதின்மர் முறையில் அச்சுமை தண்டுபவர்மேல் விழுந்தது. இரண்டிலும் உரோமின் கருவூலத்திற்கு மட்டும் இழப்பு நேரவில்லை. தொலைவில் இருக்கும் பேரரசு, தனக்கு வரவேண்டிய தொகையை முன்னரே உறுதிசெய்து கொள்கிறது. இழப்பை உள்ளூரார் தமக்குள் பகிர்ந்துகொள்ளுமாறு விட்டுவிடுகிறது.

5. உத்திரமேரூர் காட்டும் வழி

நம் முன்னோர் ஊரில் இப்பணி எவ்வாறு நடைபெற்றது? காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச்சபையின் பணிகளைச் செய்யும் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை கூறுகின்றன. தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்வதே குடவோலை முறையாகும்.

ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் எனப் பல வாரியங்கள் இருந்தன. பொன்னின் தரத்தை ஆராய்வது பொன் வாரியத்தின் பணி. மராத்திய ஊரில் போத்தார் ஒருவர் செய்ததை இங்கு ஒரு குழு செய்தது எனலாம்.

இவ்விதிகளுள் மூன்றினை நாம் சிறப்பாக நோக்க வேண்டும். முதலாவது, பதவிக்காலம் ஓராண்டே. இரண்டாவது, முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர இயலாது. மூன்றாவது, முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரையும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் குடத்தில் இடலாகாது. கணக்கை மறைத்தவர் தாம் மட்டுமன்றித் தம் உறவினரும் வாய்ப்பிழக்கக் காரணமாவார்!

அச்சபை அரசனுக்குரிய வரிக்கு ஊரின் சார்பில் பொறுப்பேற்றது. கோயிலுக்கு ஒருவர் நிலம் அளித்தால், அந்நிலத்துக்குரிய வரியை என்றும் தானே செலுத்துவதாகக் கூறி, அதற்கு ஈடாக ஒரு தொகையைச் சபை முன்னரே பெற்றுக்கொள்வதும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகள் அதனை இறைகாவல் என்கின்றன. இறை என்பது இங்கு வரியைக் குறிக்கும். இங்குப் பொறுப்பு தனி ஒருவரிடம் இல்லாமல் கூட்டாக இருந்தது.

எனினும், இச்சபையை இன்றைய ஊராட்சியோடு ஒன்றாக எண்ணிவிடலாகாது. அது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், கல்வித் தகுதியும் உடைய ஆடவரே அதில் இடம் பெற்றனர். பெண்களுக்கும் நிலமற்றோர்க்கும் இடமில்லை. ஆயினும், பொதுப்பணத்தைக் கையாண்டவர் கணக்குக் காட்ட வேண்டும் என்னும் நெறியைக் கல்லில் வெட்டி எல்லார்முன்னும் வைத்த சிறப்பு அவ்வூருக்கு உண்டு.

6. பாராமகாலிலிருந்து இந்தாப்பூருக்கு

தமிழகத்துக்கும் புனேக்கும் இவ்வரலாற்றில் நேரான தொடர்பு ஒன்றும் இருக்கிறது. 1792ஆம் ஆண்டு திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பாராமகால் பகுதி கிடைத்தது. இன்றைய கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டப் பகுதிகள் அதில் அடங்கும். அங்கே அலெக்சாண்டர் ரீடு, தாமசு மன்றோ ஆகியோர் ஒவ்வொரு நிலத்தையும் அளந்து, ஒவ்வோர் உழவரிடமும் நேராக வரி பெறும் முறையை வகுத்தனர். அதுவே இரயத்துவாரி முறை. இரயத்து என்றால் உழவர்.

இம்முறை பின்னர் மேற்கிந்தியாவிற்கும் பரவியது. புனே மாவட்டத்து இந்தாப்பூர் வட்டத்தில், பிரிங்கிள் என்னும் அதிகாரி வகுத்த வரி உழவரால் தாங்க இயலாததாக இருந்தது. நிலங்கள் தரிசாயின, பலர் ஊரை விட்டு நீங்கினர். ஆகவே, 1830களின் நடுவில் கோல்டுசுமிது, விங்கேட்டு ஆகியோர் நிலத்தை மீண்டும் அளந்து, வரியைக் குறைத்து, அதனை 30 ஆண்டுகளுக்கு மாறாததாக்கினர்.

இனி வரியின் அளவைக் கூறுவது அரசின் அளவைப் பதிவேடே, பாட்டீல் அன்று. பாட்டீலும் குல்கர்ணியும் பதவியில் நீடித்தனர். ஆனால், மேலிடம் கூறிய தொகையைத் திரட்டித் தருவதே அவர்களுடைய பணியாகச் சுருங்கியது. குத்தகைக்காரரின் கொடுமை ஒழிந்தது நன்மையே. அதே நேரத்தில், "இவ்வாண்டு மழை இல்லை, குறைத்துக் கொள்ளுங்கள்" என்று ஊருக்காக வாதாடிய குரலும் தளர்ந்தது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் குறித்த நாளில் பணமாகச் செலுத்த வேண்டியிருந்ததால், உழவர் வட்டிக்குக் கடன் வாங்கினர்.

முப்பதாண்டுத் தவணை முடிந்தபின் வரி உயர்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் காலத்தில் ஏறியிருந்த பருத்தி விலை, போர் முடிந்ததும் வீழ்ந்தது. கடன்சுமை தாங்காத உழவர், 1875ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், புனே மாவட்டத்துச் சுபே என்னும் ஊரில் திரண்டு வட்டிக்கடைக்காரரின் கணக்கேடுகளையும் கடன் பத்திரங்களையும் எரித்தனர். கலகம் பல ஊர்களுக்குப் பரவியது. 1879ஆம் ஆண்டு, தக்காண உழவர் துயர்தீர்ப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

அவர்கள் ஏன் ஏடுகளை எரித்தனர்? அவ்வேடுகளில் எழுதியிருந்தது அவர்களுடைய வாழ்வையே கட்டுப்படுத்தியது. ஆனால், அவர்களுள் பெரும்பாலோரால் அதனைப் படிக்க இயலவில்லை. இதனை நன்கு உணர்ந்தவர் புனேயில் பிறந்த சோதிராவ் பூலே. அவர் 1883ஆம் ஆண்டு எழுதி முடித்த 'சேத்கர்யாச்சா அசூட்' (உழவரின் சாட்டை) என்னும் நூலில், கல்வியின்மையால் உழவர் அலுவலரிடமும் வட்டிக்காரரிடமும் ஏமாறுவதை விளக்கினார். கல்வி கற்றவரே தம் கணக்கைத் தாமே சரிபார்க்க முடியும். அவரும் சாவித்திரிபாய் பூலேயும் 1848ஆம் ஆண்டிலேயே புனேயில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியதை இத்துடன் இணைத்து எண்ணுக.

7. இன்றைய நிலை

விடுதலைக்குப் பின் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அன்றைய பம்பாய் மாநிலத்தில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் குல்கர்ணி வதனை நீக்கியது. மகாராட்டிரத்தில் 1962ஆம் ஆண்டுச் சட்டம் வருவாய்ப் பாட்டீல் பதவியை நீக்கியது. தமிழ்நாட்டில் 1980ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், கர்ணம், மணியக்காரர் முதலிய பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. இன்று மகாராட்டிர ஊர்களில் நிலக்கணக்கை வைத்திருப்பவர் தலாட்டி. தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலர். இவர்கள் தேர்வெழுதிப் பணிக்கு வருகின்றனர். எக்குடும்பத்தில் பிறந்தவரும் இப்பணிக்கு வரலாம்.

மகாராட்டிரத்தில் நிலம் வைத்திருப்போர் 'சாத்-பாரா உதாரா' என்னும் சான்றைப் பேணுவர். 'ஏழு-பன்னிரண்டு' என்பது அதன் பொருள். ஏழாம் எண் படிவமும் பன்னிரண்டாம் எண் படிவமும் சேர்ந்தது அது. தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, அடங்கல் என்கிறோம். குல்கர்ணியின் கட்டுக்குள் இருந்த விவரத்தை இன்று நிலத்துக்குரியவர் இணையத்தின் வழியே தாமே எடுத்துப் படிக்கலாம். தவறிருந்தால் திருத்தக் கேட்கலாம்.

ஆகவே, வரி தண்டுபவர் நல்லவரா, தீயவரா என்று மட்டும் கேட்பது போதாது. அவர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார், அக்கணக்கை யார் படிக்க முடியும், குறைவு நேர்ந்தால் சுமை யார்மேல் விழுகிறது என்னும் மூன்றையும் கேட்க வேண்டும். கணக்கு மூடியிருந்தபோது நல்லவரும் தடுமாறினர். கணக்கு திறந்திருந்தபோது பிறரும் அஞ்சி நடந்தனர்.

மொழியை அறிவோம்

சிவாஜியின் தம்பி ஏகோசி தஞ்சையில் தொடங்கிய மராத்தியர் ஆட்சி 1855 வரை நீடித்தது. மராத்தியரும் நவாபுகளும் ஆண்டமையால், பாரசீக, அரபு வழிவந்த ஆட்சிச் சொற்கள் பல தமிழில் கலந்தன. வசூல், பாக்கி, சப்தி, சமாபந்தி, தாசில்தார், மிராசுதார் ஆகியவை தமிழிலும் மராத்தியிலும் வழங்குகின்றன. ஊர்ப் பொதுவிடத்தைக் குறிக்கும் சாவடி, மராத்தியில் சாவ்டி எனப்படும்.

சில சொற்களின் பொருள் வேறுபட்டுள்ளது. மராத்தியில் மகசூல் என்றால் அரசின் வருவாய். தமிழில் மகசூல் என்றால் நிலத்தின் விளைச்சல். மராத்தியில் கச்சேரி என்றால் அலுவலகம். தமிழிலும் முன்பு அப்பொருளே வழங்கியது; இன்று அது இசை நிகழ்ச்சியைக் குறிக்கிறது.

பயிற்சி

அ. சுருக்கமான விடை எழுதுக.
1. வதன் என்பது யாது? அதனை உடையவர் பெற்ற உரிமைகள் யாவை?
2. போத்தாரின் பணிக்கும் பொன் வாரியத்தின் பணிக்கும் உள்ள ஒற்றுமை யாது?
3. 'முதல் பதின்மர்' பதவி பிற்காலத்தில் சுமையாக மாறியது ஏன்?

ஆ. விரிவான விடை எழுதுக.
1. பாட்டீலின் 'இரண்டு முகங்கள்' எவை? இஜாரா முறையில் அவர் நிலை எவ்வாறு மாறியது?
2. குத்தகை முறை, பதின்மர் முறை, ஊர்ச்சபை முறை ஆகிய மூன்றிலும் வரிக்குறைவின் சுமை யார்மேல் விழுந்தது? ஒப்பிட்டு எழுதுக.

இ. செய்து பார்க்க.
1. உங்கள் வீட்டிற்கு வந்த சொத்து வரி அல்லது மின்கட்டணச் சீட்டு ஒன்றைப் பெற்றோர் துணையுடன் படியுங்கள். தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டுள்ளது என்பதைத் தமிழில் ஐந்து தொடர்களில் எழுதுக.
2. உங்கள் சொந்த ஊரில் கர்ணம், மணியக்காரர், தலையாரி ஆகியோரைப் பற்றித் தாத்தா பாட்டியிடம் கேட்டறிந்து வகுப்பில் கூறுக.